மருந்தின் தொல்லையை மறைக்காதீர்கள்



நம் தோட்டங்களில் 'மருந்து' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஆஸ்பத்திரியில் கொடுப்பதும் மருந்து. புல்லுக்கு அடிப்பதும் மருந்து. முதுகில் பம்பைச் சுமந்து வருஷக்கணக்காக மருந்தடித்த நம் பெண்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். புல்லைக் கருக்கும் மருந்து, கவனிக்காமல் விட்டால் கை நகத்தையும் அரிக்கும். பலமாக வேலை செய்யும் மருந்து எதுவும் தன் வேலையை மட்டும் செய்துவிட்டுப் போவதில்லை. ஆஸ்பத்திரி மருந்தும் அப்படித்தான்.

இந்தப் பகுதியில் இம்முறை 'மல்டிபிள் மைலோமா' என்னும் இரத்தப் புற்றுநோயைப் பற்றியும், அதற்குக் கொடுக்கும் மருந்துகளோடு காலம் தள்ளுவதைப் பற்றியும் பேசப் போகிறோம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருந்து தரும் தொல்லையை வாய்மூடிப் பொறுத்துக்கொள்வதில் ஒரு பெருமையும் இல்லை. யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுவது அதைவிடக் கேடு. தொல்லையை உள்ளது உள்ளபடி டாக்டரிடம் சொல்வது நோயாளியின் உரிமை. சொன்னால்தான் வைத்தியமும் முழுமையாகும்.

என்ன நோய் இது?

எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில்தான் நம் இரத்தம் ஊறுகிறது. கிருமிகளை எதிர்க்கும் பொருளைச் செய்கிற ஒரு வகை அணுக்கள் அங்கே இருக்கின்றன. அவற்றுக்குப் 'பிளாஸ்மா அணுக்கள்' என்று பெயர். அவற்றில் ஒரு கூட்டம் கட்டுமீறிப் பெருகுவதே மைலோமா. அந்தக் கூட்டம் உதவாத புரதம் ஒன்றை இரத்தத்தில் கொட்டுகிறது. எலும்பை அரித்து ஓட்டையாக்குகிறது. எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து இரத்தத்தில் கலக்கிறது. சிறுநீரகம் கெடுகிறது. நல்ல இரத்தம் ஊற இடமில்லாமல் சோகை பிடிக்கிறது.

நம்மவர்கள் இதைக் காலம் கடந்தே கண்டுபிடிப்பதற்குக் காரணம் உண்டு. முதுகு வலி என்று வந்தால், "குலை தூக்கின முதுகு, வலிக்காம என்ன செய்யும்?" என்று தைலம் தேய்த்துக்கொள்கிறோம். களைப்பு வந்தால் வயசாயிட்டுது என்கிறோம். பெரும்பாலும் 60 வயதைத் தாண்டியவர்களுக்கே இந்த நோய் வருவதால் இந்தச் சமாதானம் சுலபமாக ஒட்டிக்கொள்கிறது. ஆனால் விடாத முதுகு வலியும், மூச்சு வாங்கும் களைப்பும், ஓயாத தாகமும், அடிக்கடி காய்ச்சலும் சேர்ந்து வந்தால் தைலத்தை வைத்துவிட்டு இரத்தப் பரிசோதனைக்குப் போங்கள்.

"மருந்தடிச்சதாலதான் எனக்கு இது வந்துச்சா?" என்று கேட்பவர்கள் உண்டு. விவசாய இரசாயனங்களுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருப்பதாகச் சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் ஒரு தனி ஆளைக் காட்டி, இன்னதால்தான் உனக்கு வந்தது என்று எந்த டாக்டராலும் அடித்துச் சொல்ல முடியாது. பாராகுவாட் களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டிருக்கிறது. மற்ற மருந்துகளுக்கும் கையுறையும் முகமூடியும் கேட்டு வாங்குங்கள். நோய் வந்துவிட்டவர்கள் பழையதை நினைத்துத் தங்களைத் தாங்களே நொந்துகொள்ள வேண்டாம்.

மருந்து இல்லாத காலமும் இருந்தது

மருந்தின் தொல்லையைப் பேசுமுன் மருந்தின் பெருமையையும் சொல்ல வேண்டும். 1844-இல் லண்டனில் இந்த நோயோடு ஒரு பெண் இருந்தார். 39 வயதுதான். எலும்புகள் ஒவ்வொன்றாக முறிந்தன. அன்றைய வைத்தியர்கள் கொடுத்தது ஆரஞ்சுத் தோல் கஷாயம், ரூபார்ப் என்ற கிழங்கு மாத்திரை, வலிக்கு அபினி. அவர்களிடம் அவ்வளவுதான் இருந்தது. அந்த அம்மா அந்த ஆண்டே இறந்து போனார்.

அதற்குப் பிறகு நூறு வருஷத்துக்கும் மேலாகச் சொல்லிக்கொள்ளும்படி மருந்து கிடையாது. 1958-இல் ரஷ்யாவில் மெல்பலான் வகை மருந்தைக் கொடுத்துப் பார்த்துப் பலன் கண்டார்கள். 1969-இல் அதோடு ஸ்டீராய்டு மாத்திரையைச் சேர்த்தார்கள். 1999-இல் தாலிடோமைடு வந்தது. 2003-இல் போர்டெசோமிப் ஊசிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2006-இல் லெனலிடோமைடு, 2015-இல் டாராட்டுமுமாப் என்று வரிசையாக வந்தன. உடல்வாகு இடம் கொடுப்பவர்களுக்கு அவர்களுடைய மூல அணுக்களையே எடுத்து வைத்துத் திரும்பச் செலுத்தும் சிகிச்சையும் இருக்கிறது. நோயை அடியோடு ஒழிப்பது இன்னமும் அரிது. அடங்கும், திரும்பத் தலை தூக்கும், மறுபடி அடக்க வேண்டும். ஆனாலும் அமெரிக்கக் கணக்குப்படி இன்று நோயாளிகளில் பாதிப் பேருக்கு மேல் 5 ஆண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள்.

ஆகவே இந்த நோயில் மருந்து என்பது பத்து நாள் சமாச்சாரமில்லை. வருஷக்கணக்கில் கூடவே இருக்கப் போகிறது. பத்து நாள் விருந்தாளியின் தொல்லையைப் பல்லைக் கடித்துப் பொறுக்கலாம். வீட்டோடு தங்க வந்தவரிடம் பேசித்தானே ஆக வேண்டும்?

எந்த மருந்து என்ன செய்யும்?

முதலில் டெக்சாமெத்தசோன். இது ஸ்டீராய்டு. பல நோயாளிகள் இதை வாரத்தில் ஒரு நாள் மொத்தமாகச் சாப்பிடுவார்கள். வழக்கமாக 40 மில்லிகிராம், வயதானவர்களுக்கு 20. வாரத்துக்கு ஒருநாள் மாத்திரையைத் தினமும் சாப்பிட்டுவிட்டால் ஆபத்து. வீட்டில் ஒருவர் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை நாளில் ஆள் பம்பரமாகச் சுற்றுவார். இரவு இரண்டு மணிக்கு எழுந்து அலமாரியை ஒழுங்கு செய்வார். சின்னப் பேச்சுக்கும் சீறி விழுவார். மூன்றாம் நாள் அடித்துப் போட்டது போல் சோர்ந்து படுப்பார். குடும்பத்தார் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அது மாத்திரையின் கோபம், மனுஷனின் கோபம் இல்லை. இந்த மாத்திரையைக் காலையில், சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்தால் தூக்கம் கொஞ்சம் மிஞ்சும், வயிறும் எரியாது. இனிப்பு நீர் உள்ளவர்களுக்குச் சர்க்கரை ஏறும். ஆகையால் அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள்.

இரண்டாவது, போர்டெசோமிப் ஊசி. இது நரம்பைத் தொடும். பாதத்திலும் விரல் நுனியிலும் எறும்பு ஊர்வது போலத் தொடங்கும். பிறகு எரிச்சல், பிறகு மரத்துப் போதல். இரத்தத் தட்டணுக்களும் குறையும். அக்கி வரும் வாய்ப்பு கூடும். அதற்காகவே அசைக்ளோவிர் என்ற மாத்திரையைச் சேர்த்துக் கொடுப்பார்கள். "இது புற்றுநோய் மாத்திரை இல்லியே, எதுக்கு?" என்று அதை ஒதுக்கி வைக்காதீர்கள். மீறி அக்கி கண்டால் செங்காவி எழுத ஆள் தேடி நாளைக் கடத்தாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மூன்றாவது, தாலிடோமைடும் லெனலிடோமைடும். தாலிடோமைடு தூக்கத்தையும் மலச்சிக்கலையும் நரம்பு மரப்பையும் தரும். லெனலிடோமைடு இரத்த அணுக்களைக் குறைக்கும், சிலருக்கு வயிற்றுப்போக்கும் அரிப்பும் தரும். இரண்டுமே காலில் இரத்தம் உறையும் அபாயத்தைக் கூட்டும். அதனால்தான் ஆஸ்பிரின் போன்ற மாத்திரையும் சேர்ந்து வருகிறது. இன்னொரு பெரிய எச்சரிக்கை உண்டு. தாலிடோமைடு 1957-இல் ஜெர்மனியில் தூக்க மாத்திரையாக விற்பனைக்கு வந்தது. கர்ப்பிணிகள் சாப்பிட்டதால் கையும் காலும் வளராத குழந்தைகள் ஆயிரக்கணக்கில் பிறந்தன. 1961-இல் கடையிலிருந்து எடுத்தார்கள். பிறகு தொழுநோயாளிகளுக்கு வரும் ஒரு வகைக் கொடிய வீக்கத்துக்கு அது உதவுவது தெரிந்தது. நம் சுங்கை பூலோவில் நடந்த ஆய்வு 1971-இல் வெளிவந்தது. அதன்பின்தான் மைலோமாவுக்கு வந்தது. ஆகவே கர்ப்பமாகக்கூடிய வயதுப் பெண்கள் இந்த இரண்டு மருந்தையும் தொட்டு எடுத்துக் கொடுக்கவும் கூடாது. கேப்சூலை உடைத்துக் கஞ்சியில் கலக்கக் கூடாது. ஆண் நோயாளிகள் ஆணுறை பயன்படுத்த வேண்டும். மிச்சத்தை அடுத்த வீட்டு நோயாளிக்குத் தராமல் பார்மசியில் திருப்பிக் கொடுங்கள்.

நான்காவது, எலும்புக்குப் போடும் சொலெட்ரோனிக் ஆசிட். எலும்பு முறிவைக் குறைக்கும் நல்ல மருந்து. ஆனால் அபூர்வமாகத் தாடை எலும்பைப் பாதிக்கும். ஊசி தொடங்குமுன் பல் டாக்டரைப் பாருங்கள். ஊசி போடும் காலத்தில் பல் பிடுங்குவதாக இருந்தால் இரண்டு டாக்டர்களுக்கும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

சொன்னதால் மாறிய வைத்தியம்

"சொல்லி என்ன ஆகப் போவுது? மருந்துன்னா அப்படித்தான் இருக்கும்" என்பவர்களுக்கு இரண்டு உண்மைக் கதைகளைச் சொல்கிறேன்.

ஒரு காலத்தில் டெக்சாமெத்தசோனை மாதத்தில் பன்னிரண்டு நாள் முழு அளவில் கொடுத்தார்கள். நோயாளிகள் தவித்தார்கள். அமெரிக்காவில் 445 நோயாளிகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. லெனலிடோமைடோடு சிலருக்கு அந்தப் பழைய அளவு, சிலருக்கு வாரத்தில் ஒரு நாள் மட்டும். 2010-இல் முடிவு வெளியானது. ஓர் ஆண்டு முடிவில் அதிக அளவு வாங்கியவர்களில் 87 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். குறைந்த அளவு வாங்கியவர்களில் 96 சதவீதம் பேர் இருந்தார்கள். கூடக் கொடுத்தால் கூட நன்மை என்ற நினைப்பு அங்கே உடைந்தது. இன்று நீங்கள் வாரத்தில் ஒரு நாள் சாப்பிடுவது அந்தச் சோதனையின் பலன்.

இன்னொன்று போர்டெசோமிப். முதலில் அதை இரத்தக் குழாயில் செலுத்தினார்கள். நரம்பு மரப்பு அதிகம். தோலுக்கு அடியில் போட்டால் என்ன என்று 222 பேரிடம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2011-இல் முடிவு வந்தது. நோய்க்கு எதிரான பலன் குறையவில்லை. நரம்புத் தொல்லையோ 53 சதவீதத்திலிருந்து 38 சதவீதமாக இறங்கியது. மருந்து அதேதான். போடும் இடம்தான் மாறியது.

நோயாளிகள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்தச் சோதனைகளைச் செய்ய வேண்டும் என்றே யாருக்கும் தோன்றியிருக்காது. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது பழமொழி. சம்பள விஷயத்தில் அதை நாம் நன்றாகவே கற்றுக்கொண்டோம். உடம்பு விஷயத்தில் மட்டும் ஏன் மறந்துவிடுகிறோம்?

ஏன் சொல்வதில்லை?

காரணங்கள் எனக்குப் புரியாமல் இல்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"சொன்னா மருந்தை நிறுத்திடுவாங்க, நோய் திரும்பிடும்." இந்தப் பயம் நியாயமானது. ஆனால் டாக்டர் கையில் இருப்பது நிறுத்துவது ஒன்று மட்டுமா? அளவைக் குறைக்கலாம். வாரம் இரண்டு ஊசியை ஒன்றாக்கலாம். ஒரு வாரம் தள்ளிப் போடலாம். வேறு மருந்துக்கு மாற்றலாம். தொல்லைக்குத் தனி மாத்திரை கொடுக்கலாம். மாறாக, சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். போர்டெசோமிப் தரும் மரப்பை ஆரம்பத்திலேயே சொல்லி அளவைக் குறைத்தால் பலருக்கு மெல்ல மெல்லத் தேறும். முற்ற விட்டால் தங்கிவிடும். தாலிடோமைடு தரும் மரப்பு இன்னும் பிடிவாதமானது. பயந்து மறைத்தவர் கடைசியில் மருந்தையும் இழக்கிறார், விரலையும் இழக்கிறார்.

"டாக்டருக்கு நேரம் இல்ல, வெளியே நூறு பேரு நிக்கிறாங்க." உண்மைதான். ஐந்து நிமிஷம்தான் கிடைக்கும். அந்த ஐந்து நிமிஷத்துக்கு வீட்டிலேயே தயாராகிப் போங்கள். எப்படி என்று கீழே சொல்கிறேன்.

"எனக்கு மலாய் சரளமா வராது, இங்கிலீசும் தெரியாது." அப்படியானால் பேசத் தெரிந்த மகனையோ மருமகளையோ கூட அழைத்துப் போங்கள். ஆளில்லை என்றால் மிஸ்ஸியிடம் கேளுங்கள். தமிழ் தெரிந்த ஒருவர் வார்டில் பெரும்பாலும் இருப்பார். வெட்கப்பட்டுத் தலையாட்டிவிட்டு வருவதில் லாபமில்லை.

"வலி தாங்காதவன்னு நினைப்பாங்க." நினைக்கட்டுமே! விடியற்காலையில் நெற்றி விளக்கு கட்டி முப்பது வருஷம் மரம் வெட்டியவரையும், வெயிலில் குலை அறுத்தவரையும் வலி தாங்காதவர் என்று யார் சொல்ல முடியும்? தாங்கத் தெரியும் என்பதை நாம் நிரூபித்தாயிற்று. தாங்காமல் சொல்ல வேண்டிய இடம் இது.

உடம்புக்கு ஒரு செக்ரோல்

கிராணி செக்ரோல் எழுதுவது போல உங்கள் உடம்புக்கும் ஒன்று எழுதுங்கள். இருபது காசுக் கணக்கெல்லாம் விடாமல் பார்க்கிறவர்கள்தானே நாம். ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் போதும். தேதி, அன்று எடுத்த மாத்திரை அல்லது ஊசி, அன்று கண்ட தொல்லை. அவ்வளவுதான். எழுதத் தெரியாதவர்களுக்குப் பேரப்பிள்ளை எழுதட்டும்.

எழுதும்போது ஒரு முக்கியமான விஷயம். "வலிக்குது", "மரமரன்னு இருக்குது" என்று மட்டும் எழுதாதீர்கள். எதைச் செய்ய முடியவில்லை என்று எழுதுங்கள். "சட்டைப் பொத்தான் போட முடியல." "கத்தி கையில நிக்கல, நழுவுது." "சிலிப்பர் கழண்டு விழுந்ததே தெரியல." "படி இறங்கச் சுவரைப் பிடிக்கிறேன்." மருந்தின் அளவைக் குறைக்கலாமா வேண்டாமா என்று டாக்டர் முடிவு செய்வதற்கு இந்த மாதிரிப் பேச்சே பயன்படும். வலி என்பது அவர் கண்ணுக்குத் தெரியாது. பொத்தான் போட முடியாத விரல் தெரியும்.

மரத்த காலோடு வாழ்பவர்களுக்கு இன்னும் சில வார்த்தை. தினமும் இரவில் விளக்கு வெளிச்சத்தில் உள்ளங்காலைப் பாருங்கள். முள் ஏறியதும் கொப்புளம் கட்டியதும் உங்களுக்கு உறைக்காது. வெறுங்காலோடு வெளியே இறங்காதீர்கள். வெந்நீரின் சூட்டை மரத்த கையால் பார்க்காமல் வேறு ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். மோட்டார் சைக்கிள் பிரேக் காலுக்குத் தெரியவில்லை என்றால் ஓட்டுவதை நிறுத்துங்கள்.

கோயில் நேர்த்திக்கடனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் தோட்டக் கோயில்களில் தீமிதி உண்டு. தைப்பூசத்துக்கு அலகு குத்திக் காவடி எடுப்பது உண்டு. பக்தியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மரத்த கால் நெருப்பில் எவ்வளவு வெந்தது என்று அறியாது. தட்டணு குறைந்த உடம்பில் அலகு குத்தினால் இரத்தம் சுலபத்தில் நிற்காது, கிருமியும் ஏறும். வேண்டுதலை அடுத்த ஆண்டுக்குத் தள்ளி வைப்பதால் சாமி கோபித்துக்கொள்ளாது. இந்த ஆண்டு பால்குடத்தை மகன் எடுக்கட்டும், நீங்கள் நிழலில் உட்கார்ந்து கும்பிடுங்கள்.

காத்திருக்கக் கூடாதவை

எல்லாத் தொல்லைக்கும் அடுத்த கிளினிக் தேதி வரை காத்திருக்க முடியாது. இவற்றைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால் அன்றே, இரவானாலும், ஆஸ்பத்திரி. கிருமியை எதிர்க்கும் சக்தி குறைந்த உடம்பில் சாதாரணக் காய்ச்சல் என்று ஒன்றில்லை. பெனடால் போடுமுன் காய்ச்சலை அளந்துவிடுங்கள். மாத்திரை சூட்டை மறைத்துவிடும்.

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், அல்லது திடீரென்று மூச்சுத் திணறி நெஞ்சு வலித்தால், இரத்தம் உறைந்திருக்கலாம். தாமதம் வேண்டாம்.

முதுகு வலி திடீரென்று கூடி இரண்டு காலும் பலமிழந்தால், சிறுநீர் போவது தடைப்பட்டால், முதுகுத் தண்டு நசுங்கியிருக்கலாம். மணிக்கணக்கும் முக்கியம்.

அளவுக்கு மீறிய தாகம், குழப்பமான பேச்சு, வாந்தி, சிறுநீர் குறைதல், நிற்காத இரத்தக் கசிவு. இவற்றுக்கும் அதே விதி.

போகும்போது மாத்திரைகள் எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். தோட்டத்து டிரஸ்ஸரிடம் உங்கள் நோயின் பெயரையும் மருந்தின் பெயரையும் எழுதிக் கொடுத்து வையுங்கள். அவசரத்தில் வண்டி ஏற்பாடு செய்யப் போகிறவர் அவர்தான்.

கடை மருந்தும் கை மருந்தும்

மைலோமா உள்ளவர்களின் சிறுநீரகம் ஏற்கெனவே கஷ்டப்படுகிறது. மூட்டு வலிக்கும் பல் வலிக்கும் கடையில் வாங்கும் போன்ஸ்தான், டைக்லோபெனாக், ஐபுபுரோபென் போன்ற மாத்திரைகள் அதை மேலும் கெடுக்கும். வலிக்கு என்ன எடுக்கலாம் என்று டாக்டரைக் கேட்டே எடுங்கள். தண்ணீரைத் தாராளமாகக் குடியுங்கள். அளவோடு குடி என்று டாக்டர் சொல்லியிருந்தால் மட்டும் அதன்படி நடங்கள்.

பாசாரிலும் போனிலும் விற்கும் ஜாமு, மூலிகை மாத்திரை, காப்பித்தூள் எல்லாவற்றையும் நம்பிவிடாதீர்கள். "நாட்டு மருந்துதானே, கெடுதல் செய்யாது" என்கிறார்கள். அப்படி விற்ற பொருள்களில் டெக்சாமெத்தசோனையே கள்ளத்தனமாகக் கலந்திருப்பதை நம் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறார்கள். வலி ஒரே நாளில் பறந்துபோனால் அதில் சந்தேகப்பட இடமுண்டு. ஏற்கெனவே அதே மருந்தை ஆஸ்பத்திரியில் வாங்குகிறவருக்கு அது இரட்டை அளவாகிவிடும். டப்பாவில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் டாக்டரிடம் காட்டாமல் வாயில் போடாதீர்கள்.

நல்ல பொருளும் சில நேரம் குறுக்கே நிற்கும். பச்சைத் தேயிலைச் சத்து போர்டெசோமிப்பின் வேலையைத் தடுக்கிறது என்று 2009-இல் ஆய்வுக்கூடச் சோதனையில் கண்டார்கள். வைட்டமின் சி மாத்திரையைப் பற்றியும் அப்படி ஒரு சந்தேகம் உண்டு. அதனால் அந்த ஊசி போடுகிறவர்கள் இவற்றைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். வீட்டில் சமைக்கும் கீரையும் பப்பாளியும் மலச்சிக்கலுக்கு நல்லது. அதைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். ரோட்டோரம் வெட்டி வைத்த பழத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

வேலையும் உரிமையும்

இனி நம் சங்கத்துக்குரிய பேச்சு. ஊசி போட்ட மறுநாள் பிரட்டுக்கு வர முடியாதவரைப் பார்த்து, "நேத்து நல்லாத்தானே நடந்து போனாரு" என்று கிசுகிசுப்பவர்கள் நம்மிலேயே இருக்கிறார்கள். இந்த மருந்துகளின் தொல்லை நாளுக்கு நாள் மாறும். நேற்று பம்பரம், இன்று படுக்கை. இதை மண்டோருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் கூட வேலை செய்யும் தோழர்கள்தாம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி சம்பளத்தோடு கூடிய மருத்துவ விடுப்பு உண்டு. இரண்டு ஆண்டுக்குக் கீழ் வேலை செய்தவருக்கு வருஷத்தில் 14 நாள். இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் 18 நாள். ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 22 நாள். ஆஸ்பத்திரியில் தங்க வேண்டி வந்தால் 60 நாள். 2023 ஜனவரி முதல் இந்த 60 நாள் மேற்சொன்ன விடுப்போடு சேராமல் தனிக் கணக்கு. கூட்டு ஒப்பந்தத்தில் இதற்கு மேலும் சலுகை இருக்கலாம். கிளைச் செயலாளரைக் கேளுங்கள்.

வேலையே செய்ய முடியாமல் போனால் சொக்சோவில் இயலாமை ஓய்வூதியம் இருக்கிறது. நோயினால் வழக்கமான வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குகூடச் சம்பாதிக்க முடியாது என்று மருத்துவக் குழு முடிவு செய்ய வேண்டும். சந்தாக் கணக்கும் போதுமானதாக இருக்க வேண்டும். 60 வயதுக்கு முன்பே மனுச் செய்ய வேண்டும். அதனால்தான், "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று தள்ளாதீர்கள் என்கிறேன். நீங்கள் எழுதி வைத்த நோட்டுப் புத்தகம் இங்கேயும் உதவும். இ.பி.எப். பணத்தில் கடும் நோய்ச் சிகிச்சைக்கென்று எடுக்கவும் வழி உண்டு. மனைவி, பிள்ளை, பெற்றோரின் சிகிச்சைக்கும் அது பொருந்தும். அரசு ஆஸ்பத்திரிகளில் மருத்துவச் சமூக நலப் பகுதி என்று ஒன்று இயங்குகிறது. விலை கூடிய மருந்துக்கு உதவி நிதி கேட்க வேண்டுமானால் அங்கே போய்ப் பேசுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் குடிமக்கள் கட்டும் தொகை சிறிதுதான். தோட்டத்திலிருந்து போய்வரும் வண்டிச் செலவும், போன நாள் கூலியும்தான் நம்மவர்களைக் கொல்கிறது. அம்பாங் ஆஸ்பத்திரி போன்ற இரத்த நோய் நிலையங்களுக்கு வெளியூர்த் தோட்டத்திலிருந்து போகிறவர்கள் இருட்டோடு கிளம்ப வேண்டியிருக்கிறது.

இங்கேதான் கிளைகள் கொஞ்சம் கை கொடுக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். கிளையில் ஒருவருக்கு இந்த நோய் என்று தெரிந்தால் மூன்று காரியம் செய்யலாம். ஊசி நாளுக்கு வண்டி ஏற்பாடு செய்ய நிர்வாகத்தை எழுத்து மூலம் கேட்கலாம். கத்தியும் அரிவாளும் பிடிக்காத இலகு வேலைக்கு, டாக்டர் கடிதத்தோடு மனுக் கொடுக்கலாம். மலாய் பேசத் தெரிந்த ஓர் இளைஞரை மாதம் ஒரு நாள் கூடப் போகச் சொல்லலாம். மூன்றிலும் சங்கத்துக்குப் பெரிய செலவு இல்லை.

நோயாளித் தோழருக்கு ஒரு வார்த்தை. அடுத்த கிளினிக் தேதி உங்கள் அட்டையில் எழுதியிருக்கும். அதற்கு முந்தின இரவு நோட்டுப் புத்தகத்தைப் பிரித்து, உங்களை அதிகம் வாட்டும் மூன்று தொல்லைகளின் கீழே கோடு போடுங்கள். மறுநாள் டாக்டர் "ஓக்கேயா?" என்று கேட்கும்போது பழக்கத்தில் தலையாட்டிவிடாதீர்கள். "ஓக்கே இல்ல டாக்டர், மூணு விஷயம் சொல்லணும்" என்று தொடங்குங்கள்.